நாக்கில் கரித்த ரீல்

சத்தியவேடு, 1960 ஏப்ரல், திங்கள் இரவு.

காலையில் புதிய தெலுங்கு ஆபீசர், என் பக்கத்து மேசை முனுசாமியின் முதுகில் தட்டி, "நீ காலம் சாலா பாகுந்தய்யா!" என்று சிரித்தார். நண்பனுக்கு நல்ல காலமாம் என்று நானும் கூடச் சிரித்தேன்.

சாயங்காலம் முனுசாமி, சனிக்கிழமை இரவல் வாங்கிப்போன என் தூண்டிலைத் திருப்பிக் கொடுத்தான். நரம்பு சுற்றும் ரீலைச் சுற்றினால் கரகரத்தது.

"எங்கடா எடுத்துக்கினு போனே?"

"நம்ம ஏரிக்குத்தாம்பா. எண்ணெய்கூட போட்டுத்தான் எடுத்தாந்தேன்."

எண்ணெய்தான் காட்டிக்கொடுத்தது. ஏரியில் போட்ட ரீலுக்கு எவன் எண்ணெய் விடுவான்? கடலில் நனைந்ததைத்தான் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, அப்புறம் எண்ணெய் விடுவோம். அவன் அலசவே இல்லை. வீட்டில் மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

பழவேற்காட்டுக் கடலுக்குப் போயிருக்கிறான். யாரோடு என்பதும் அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் தூண்டிலையும் 'காலம்' என்பார்கள். முதல் எழுத்து மட்டும் கங்கையில் வரும் 'க' போல ஒலிக்கும். என் தமிழ்க் காதில் அது விழவில்லை.

இந்த மாதம் எல்லை மாறி எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போனதும் நான் மாற்றல் கேட்கக் கிளம்பினேன். "அவசரப்படாதே, ரெண்டு பேரும் ஒண்ணா மெட்ராஸ் பக்கம் கேப்போம்" என்று தடுத்தவன் இவன். இப்போது ஆபீசரைப் பிடித்துக்கொண்டு இங்கேயே தங்கப் பார்க்கிறான்.

ரீலை வாளியில் ஊறப் போட்டிருக்கிறேன். ஆபீசர் மெச்சிய காலம் என்னுடையது. நல்ல காலம் மட்டும் அவனுக்கு.