வயிறில்லாதவளின் சாப்பாடு

மார்ச் 3, திங்கள்

மச்சாள் இன்றைக்கும் கோப்பை நிறையச் சோறு போட்டா. "கொஞ்சம் போதும்" என்றேன். "இதுதான் கொஞ்சம்" என்றா. நிரோசன் தன் மீனில் முள்ளுத் தேடிக்கொண்டிருந்தார். தன் அக்காவுக்கு முன்னால் என் புருசனுக்கு வாய் வராது.

சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, குளியலறைத் தரையில் கிடந்தேன். கதவுக்கு வெளியே நின்று சொல்லுறா: "தின்ன மனமில்லாட்டி இப்பிடித்தான்."

ஜனவரியில் புற்றுநோய் என்று என் இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டார்கள். தொண்டைக் குழாயை நேரே குடலோடு தைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நன்றாக மென்று சாப்பிடச் சொன்னார் டொக்டர். உதவிக்கென்று இதே நகரத்துப் போர்கோ வெக்கியோவிலிருந்து பையோடு வந்தவ மச்சாள். உதவியாம்.

மார்ச் 5

நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவவுக்குக் காட்டத்தான்.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரி. நிறை இன்னும் குறைந்திருக்கிறது. இதற்கு மேலும் இறங்கினால் குடலுக்குள் குழாய் வைத்துத்தான் உணவு என்றார் டொக்டர். பின்னேரத்துக்குள் மச்சாள் கபோ சந்தையில் கண்ட ஆக்களுக்கெல்லாம் அதைச் சொல்லி முடித்துவிட்டா. சிநேகிதி யூலியானா போன் எடுத்து அழுகிறாள், நான் செத்துப்போன மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

மேசையில் மச்சாள் கரண்டியோடு நின்றா. மகள் கேசிகா திடீரென்று, "விடுங்கோ மாமி. அம்மா ஓர்னித்தோரிங்கோ மாதிரி" என்றாள். பள்ளிக்கூடத்தில் இத்தாலியனில் படித்த பேராம். பிளாட்டிபஸ் - வாத்துச் சொண்டு வைத்த அவுஸ்திரேலிய மிருகம். போனில் படம் காட்டினாள். மச்சாள் உடம்பு குலுங்கச் சிரித்தா.

கோப்பையைக் குப்பைக்குள் கொட்டினேன். நான் பெத்ததும் அவவின்ரை பக்கமோ?

மார்ச் 10

கேசிகா கதவடியில் நின்றாள். "அதுக்கும் வயிறு இல்லையம்மா. அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை." நான் திரும்பவில்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

பார்த்தேன். அசிங்கமான பிராணி. தண்ணிக்குள் போனால் கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. சேற்றுக்குள் இறால் அசைந்தால், அந்த அசைவில் வரும் துளி மின்சாரத்தைச் சொண்டே கண்டுபிடிக்குமாம். பிடித்ததை உடனே விழுங்காது. கன்னப் பைகளில் அடைத்துக்கொண்டு மேலே வந்து மிதக்கும். வளர்ந்ததுக்குப் பல் இல்லை. வாய்க்குள் இருக்கும் கெட்டியான தட்டுகளால், அள்ளிவந்த மணலையும் சேர்த்து, மாவாகும் வரை அரைக்கிறது. பிறகு நேரே குடலுக்கு. இடையில் இரைப்பை என்று ஒன்றுமே இல்லை. பிறவியிலேயே இல்லை.

அப்படியே நல்லாத்தான் நீந்துது. அதுக்கு மச்சாளும் இல்லை.

மார்ச் 12

அவித்த இறால் இரண்டு எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன், வாயில் ருசியே இல்லாமல் போகும் வரை. "சாமி கும்பிடுறியோ?" என்றா மச்சாள். காதையும் மூடிக்கொண்டேன் என்று வை.

தரையில் கிடக்கவில்லை. வியர்க்கவில்லை.

மார்ச் 13

திரும்பவும். கொஞ்சம் மீன், கொஞ்சம் பருப்பு. தாடை நோகுது. நோகட்டும்.

மார்ச் 21, வெள்ளி

நிறை இறங்கவில்லை. குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டொக்டர். மச்சாள் காரிலேயே தொடங்கிவிட்டா: "எல்லாம் என்ரை கைச்சாப்பாடு."

வீட்டில் நிரோசனிடம் சொன்னேன், அவவைப் போகச் சொல்லுங்கோ என்று.

"அக்காவை எப்பிடிப் போகச் சொல்லுறது?"

"அப்ப நான் சொல்லுறன்."

மார்ச் 22

சொல்லிவிட்டேன். குசினியில், முகத்துக்கு நேரே. "மச்சாள், நீங்கள் உங்கடை வீட்டை போங்கோ. உங்கடை சாப்பாடு என்னைக் கொல்லுது."

கத்துவா என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையில் இருந்தா. வன்னியில் சண்டையின் கடைசி நாட்களில் பங்கருக்குள் தன்ரை மகன் லக்சன் பசி பசி என்று கேட்டவனாம். குடுக்க ஒரு பிடி அரிசியும் இருக்கேல்லையாம். "வெறுங்கோப்பையோடை ஒருத்தர் இருந்தா எனக்குப் பாக்கேலாது, சுதா."

இத்தனை வருசத்தில், அங்கேயே செத்துப்போன லக்சனைப் பற்றி அவ என்னோடை கதைத்ததே இல்லை.

ஆனாலும் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குடுக்காததை எனக்குள்ளை அடைச்சா நான் என்ன செய்ய? எனக்கு இடமில்லை. உண்மையாகவே இடமில்லை.

நிரோசன் அவவின் பையைத் தூக்கிக்கொண்டு அவவை வீட்டில் விடப் போனார்.

மார்ச் 24

கேசிகாவிடம், "அந்தச் சொண்டு மிருகத்தைப் பற்றி வகுப்பிலை கதைச்சனியோ?" என்று கேட்டேன். ஓம் என்றாள். பத்துக்கு எட்டு எடுத்தாளாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மச்சாள் போன் எடுத்தா. "இடியப்பம் அவிச்சனான். விருப்பமெண்டா வா." குரலில் இன்னும் காரம்.

"வாறன். ஆனா எனக்கு நான்தான் போடுவன்."

போனேன். வணக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு இடியப்பமும் கொஞ்சம் சொதியும் எடுத்தேன். அவ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதிரையை ரீவிப் பக்கம் திருப்பிப்போட்டு இருந்தா. நாடகம் முடிந்து செய்தியும் முடிந்தது. நான் இன்னும் மென்றுகொண்டிருந்தேன். அவ ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

"முடிஞ்சுது" என்றேன்.

"சரி" என்று எழும்பி, இன்னும் போட வராமல், சட்டியை மூடினா.