சமையலறை பிளக்கில் இரண்டு பல்பு

காலையில் சமையலறை பிளக்கில் உன் டெஸ்ட் லேம்ப்பின் ஒயர்களைச் சொருகினேன். இரண்டு குண்டு பல்பும் மங்கலாக எரிந்தன. சுற்றியிருக்கும் கறுப்பு டேப்பில் இன்னும் உன் கை வாசனை அடிக்கிறது, யோவ். எனக்கு மட்டும்தான் அடிக்கிறதோ என்னவோ.

கல்யாணமான புதிதிலிருந்து இந்தக் கூத்துக்காக உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன். நாஷ்டா ஆறிப்போகும், கும்மிடிப்பூண்டி ஷிப்டுக்கு நேரமாகும், என் எலக்ட்ரீஷியன் துரையோ பிளக் முன்னால் நின்றுகொண்டிருப்பார். லைனைத் தொடும் முன் கரண்ட் இருக்கிறதா என்று லேம்ப்பை வைத்துப் பார்க்கணும், அதற்கும் முன் லேம்ப்பே எரிகிறதா என்று பார்க்கணும் என்பாய். புதுவாயல் கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற எனக்கே பாடம். தெரிந்தாலும் எதற்கு இரண்டு பல்பு என்று வேண்டுமென்றே கேட்பேன், நீ பேசுவதைக் கேட்க.

"நானூத்தி நாப்பது வோல்ட்டு ஒத்த பல்பு மேல வந்தா வெடிச்சிடும். ரெண்டும் வரிசையா நின்னுக்கினா ஆளுக்குப் பாதி."

"அதுல ஒண்ணு பூட்டா?"

"ரெண்டும் அணைஞ்சிடும். வழி அந்து போச்சே, கரண்ட் எப்டி ஓடும்?"

அந்த மழை நாளில் விடியும்போதே வீட்டில் கரண்ட் இல்லை. லேம்ப் எரிகிறதா என்று கம்பெனியில் பார்த்துக்கொள்கிறேன் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாய். அங்கே பம்பு நின்று தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம், எல்லோரும் அவசரப்படுத்தினார்களாம். நீ லைனில் லேம்ப்பை வைத்தாய். எரியவில்லை. ஈரக் கையால் தொட்டுவிட்டாய்.

உன் பை வீட்டுக்கு வந்ததும் லேம்ப்பை ஆட்டிப் பார்த்தேன். ஒரு பல்புக்குள் இழை அறுந்து கிடந்தது. மேடுபள்ளத்தில் வண்டி குதித்தபோது போயிருக்கும். பல்பு எரியவில்லை என்றால் அதற்குள் கரண்ட் ஓடவில்லை, அவ்வளவுதான். வோல்டேஜ் லைனிலேயேதான் இருந்தது. ஈர உடம்பு கரண்டைத் தடுக்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவனும் நீதான். பாவி, ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா?

அந்தப் பல்பை மாற்றிவிட்டேன். இப்போது லேம்ப் என் பையில்தான் கடைக்கு வருகிறது. கிளம்பும் முன் பிளக்கில் வைத்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டுவதில்லை. என்னைத் திட்டத்தான் ஆள் இல்லை.

ஒன்று போனால் இரண்டும் அணைந்துவிடும் என்றாயே, பொய். நான் எரிந்துகொண்டுதான் இருக்கிறேன். உன் பாதியும் சேர்ந்து என் மேலேயே இறங்குகிறது. வெடித்துத் தொலையவும் மாட்டேன் என்கிறதே, இந்தப் பாழாய்ப்போன நெஞ்சு.