புரூச்சுக்குள் இருப்பது யார் முடி, அத்தை?

என்னைத் தவிர ஊரையே நம்பவைத்துவிட்டுப் போன என் அருமை அத்தைக்கு,

கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் நம் மெழுகுவர்த்திக் கட்டிலிருந்து ஒன்றிரண்டை உருவிக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். சிரிக்காதீர்கள். பால்காரரை நிற்கவைத்துப் பாலைக் காய்ச்சிப் பார்க்கிறவள் என்று தெரிந்துதானே என்னை மருமகளாக எடுத்தீர்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். ஓமலூரில் நம் தெருமுனையில் மாதாவுக்குக் குகைபோல ஒரு கெபி கட்டுகிறார்கள். கொத்துவேலை பாதி முடிந்தபோது உங்கள் மகன் ஒரு யோசனை சொன்னார். உங்கள் அருளிக்கத்தை, அந்தப் புனிதச் சின்னத்தை, மாதாவின் காலடியில் சிமெண்ட் வைத்து, மேலே கண்ணாடி போட்டு, நிரந்தரமாகப் பதித்துவிடலாமாம். தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. வீட்டு மின்விசிறியை மாற்றவே மாதக்கணக்கில் யோசிக்கிற மனிதருக்கு இதில் மட்டும் என்ன அவசரம்?

நீங்கள் அருளிக்கம் என்று சொன்ன அந்தப் புரூச்சை, நெஞ்சில் குத்தும் அந்த நகையை, எனக்கு முதலில் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? நான் கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தீர்கள். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. தங்க விளிம்பில் வெள்ளை எனாமல், சுற்றிலும் கடுகளவு முத்துகள், நடுவில் கண்ணாடி, அதற்குள் ஒரு சுருள் முடி. உங்கள் அம்மா ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயாவாக இருந்தார், துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது என்றீர்கள். உள்ளே இருப்பது ஒரு புனிதரின் முடி, ஆகவே இது அருளிக்கம், யாரும் தொடக் கூடாது என்றீர்கள். எந்தப் புனிதர் என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

தெருவில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் நம் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நீங்கள் அதை நெற்றியில் ஒற்றி செபம் சொல்லுவீர்கள், வந்தவர்கள் முழங்காலில் நிற்பார்கள். காய்ச்சல் இறங்கியது மாத்திரையால்தான் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கண்ணாடியைத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை நீங்கள். விட்டிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன் என்று பயமா?

இப்போது வந்திருக்கிற பங்குச்சாமியார் சின்ன வயசுக்காரர், என்னைப்போல ஒரு சந்தேகப் பிராணி. யாருடைய அருளிக்கம் என்று தெரியாமல் கெபியில் வைக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஐரோப்பியப் பழைய நகைகளையும் மரச்சாமான்களையும் ஆராய்கிற ஒரு பெங்களூர் அம்மா ஏற்காட்டுப் பங்களாக்களைப் பார்க்க வந்திருந்தார். சாமியார் அவரை நம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அந்த அம்மா மேல் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. இதையே போல ஒரு போலியைக் கைப்பையில் கொண்டுவந்து மாற்றிவிட்டால்? காப்பி போட உங்கள் மகனை அனுப்பிவிட்டு நான் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். இது புனிதப் பொருள் இல்லை, துக்க நகை என்றார். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் செத்துப்போனவர்களின் முடியை இப்படிக் கண்ணாடிக்குள் வைத்து நெஞ்சில் குத்திக்கொள்வார்களாம். பெரியவர்களுக்குக் கறுப்பு எனாமல். குழந்தைகளுக்கும் கல்யாணமாகாதவர்களுக்கும் வெள்ளை. முத்துகள் கண்ணீருக்காகவாம்.

பிறகு பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். விளிம்பை யாரோ கத்தி முனையால் நெம்பித் திறந்து, திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வேலை என்றால் முடியைப் பாய் மாதிரிப் பின்னி ஒட்டியிருப்பார்களாம். இது பின்னாமல் சும்மா சுருட்டி, சிவப்பு நூலால் கட்டிய முடி.

"ரொம்ப மெல்லிசு, நல்ல கறுப்பு. பிறந்த குழந்தை முடிங்க இது. நம்ம ஊர்க் குழந்தையா இருக்கும்" என்றார்.

என்னிடம் கதை விடாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் புரூச்சை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, யாருக்கும் விற்றுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் இருந்த சந்தேகம் அவரோடு போய்விட்டது. அது அப்படியே உங்கள் மேல் திரும்பியது.

கல்லறைத் திருநாள் தோறும் எல்லாரும் உள்ளே போவோம், நீங்கள் மட்டும் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். மூச்சு வாங்குகிறது என்பீர்கள். அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி எரியும். உங்கள் மகனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருமுறை வாய்தவறிச் சொன்னதும், உங்களைப் பார்த்ததும் பேச்சை மாற்றியதும் எனக்கு மறக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளை அப்போதெல்லாம் மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். செபம் கிடையாது, பூசை கிடையாது.

அத்தை, உங்கள் பிள்ளைக்கு யாரும் முழங்காலில் நிற்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் ஊரையே நிற்கவைத்தீர்களா? துக்க நகை என்பது தெரிந்தேதான் அதைத் திறந்தீர்களா? அப்படியென்றால் அந்தத் துரைசாணியின் குழந்தை முடியை என்ன செய்தீர்கள்?

எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை மறுபடி வெளியே போகும். திறக்காவிட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு பொய்க்கு முன்னால் கும்பிடுவார்கள், சிமெண்ட் காய்ந்த பிறகு எடுக்கவும் முடியாது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. உங்கள் மகன் சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவர். நாளெல்லாம் வெள்ளியை நெம்புகிற மனிதருக்கு அந்த விளிம்பு நெம்பப்பட்டது தெரியாமலா இருந்திருக்கும்?

சாப்பிட உட்கார்ந்தவரிடம் தட்டைக் கொடுக்காமல் நேராகவே கேட்டேன்: "ஏனுங்க, உள்ள இருக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

கையைக் கழுவ எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "எங்கக்கா. அம்மா ஆஸ்பத்திரில இருக்கையில சொல்லுச்சு. நம்மூட்டுப் புள்ள வெளிய கெடக்குதே, மாதா காலடியிலயாவது கெடக்கட்டும்னுதான் பாத்தேன்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. தாயும் மகனுமாகச் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்களே, நான் என்ன ஊருக்குத் தண்டோரா போடுகிறவளா?

மறுநாள் இரண்டு பேருமாகச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். கெபியில் வைக்க முடியாது என்றார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவரோ, உங்கள் கல்லறையிலேயே அந்த முடியை வைத்து, குழந்தைக்கான முழு அடக்கச் செபமும் சொல்லுகிறேன் என்றார். இப்போது திருச்சபைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம். இத்தனை காலம் ஏன் இல்லாமல் இருந்தது என்று கேட்டேன். அவர் அடக்கப் பதிவேட்டைத் திறந்தார்.

செபத்தில் சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்றார். உங்கள் மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. பெயரே வைக்கவில்லையா, வைத்து உங்களோடு கொண்டுபோய்விட்டீர்களா?

"பேரு தெரியாதுங்க சாமி. எனக்கு நங்கையா ஆகோணும். என் ஊட்டுக்காரருக்கு அக்கா. அப்படியே சொல்லுங்க" என்றேன். சாமியார் எழுதிக்கொண்டார்.

வருகிற சனிக்கிழமை அடக்கம். பக்கத்தில் நின்று பார்க்காமல் நான் எதையும் நம்பப்போவதில்லை. உங்கள் கல்லில் உங்கள் பெயருக்குக் கீழே 'மகளும்' என்று சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். கடைசி எழுத்து விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன் அத்தை, இது சத்தியம்.

உங்கள் மருமகள்,
உங்கள் மூத்த மகளுக்குத் தம்பி மனைவி,
ஸ்டெல்லா