ரெண்டு கையையும் காட்டுங்க

டொக்டர்,

இன்று காலை கோயிலில் எனக்குக் காப்புக் கட்டினார்கள். நூலில் மஞ்சள் இன்னும் காயவில்லை. அந்த வாசம் வந்ததும் என் இடக்கை தானாகப் போய் வலக்கை மணிக்கட்டைப் பிடித்தது. நான் அம்மனைக் கும்பிடுவதாகப் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் உங்களைத்தான் நினைத்தேன்.

அந்த வருடமும் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தேன். கட்டியவன் தீ மிதிக்கும்வரை எங்கள் ஊர் உடப்பின் எல்லையைத் தாண்டக் கூடாது, கடல் தொழிலுக்கும் போகக் கூடாது. வேடிக்கை பார்க்கத்தான் கரைவலைப் பக்கம் போனேன். வலை கரையேறுகிற நேரம் கயிற்றைக் கண்டால் என் கை சும்மா கிடக்குமா? பிடித்து இழுத்தேன். வலைக்குள்ளிருந்து ஒரு முரல் மீன் துள்ளிப் பாய்ந்து, ஊசி மூக்கால் என் வலது மேற்கையின் உட்புறத்தில் குத்தியது. மிளகளவு பொத்தல். மஞ்சள் வைத்து அழுத்தியதும் இரத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கை சில்லிட்டது, விரல்கள் மரத்தன. என் அக்கா தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். "அம்மன் குளிர்ந்துட்டா தம்பி. காப்புக் கட்டின கையில இறங்கியிருக்கா."

வீடே கும்பிட்டது. நானும் பெருமையோடு கையை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன். என் மனைவி மட்டும் விரல் வெளுத்ததைக் கண்டு, யாருடைய கதையையும் கேட்காமல் என்னை முச்சக்கரவண்டியில் ஏற்றினாள். காப்போடு எல்லை தாண்ட வைத்ததற்காக முந்தல் ஊரைத் தாண்டும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் முதலில் காயத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு கையையும் காட்டுங்க" என்றீர்கள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்துப் பார்த்தீர்கள். அம்மன் குளிர்ந்த கதையைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"குளிர்ந்தா ரெண்டு கையும் குளிரணுமே அண்ணன். இது ஒண்டுதானே குளிர்ந்து ஈக்கிது. நாடியும் இல்ல."

இரத்த ஓட்டம் கேட்கிற ஒரு சின்னக் கருவியை இடது மணிக்கட்டில் வைத்தீர்கள். உஸ், உஸ் என்று சத்தம் வந்தது. வலதில் வெறும் இரைச்சல்தான். மீனின் மூக்கு கைக்குப் போகிற பெரிய இரத்தக் குழாயைக் கிழித்திருக்கிறது, அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டது என்று விளங்கப்படுத்தினீர்கள். "இப்பவே தைக்கணும். பிந்தினா கை போயிரும்." கையில்லாதவன் எந்த வலையை இழுப்பான்?

தோள்வரை கழுவ வேண்டும், காப்பு இருக்கக் கூடாது. தாதி கத்தரிக்கோலோடு வந்ததும் நான் கையை இழுத்துக்கொண்டேன். என்ன மடத்தனம்! கையே போகிறது என்கிறார்கள், நான் நூலுக்கு அழுகிறேன். நீங்கள் என் மனைவியைக் கூப்பிட்டீர்கள்.

"வெட்ட வாணாம் தங்கச்சி. நீங்களே அவுத்து உங்கட கையில கட்டிக்கொள்ளுங்க. இந்தக் கையில சூடு வந்த பொறகு திருப்பிக் கட்டுங்க."

கற்பிட்டி முஸ்லிம் பெண்ணான நீங்கள் முக்காட்டோடு நின்று அம்மன் காப்புக்கு வழி சொன்னதை என் மனைவி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வாள்.

என் காலிலிருந்து ஒரு துண்டு இரத்தக் குழாயை எடுத்துக் கிழிந்த இடத்தில் வைத்துத் தைத்தீர்கள். "பிஞ்ச வலைக்குத் துண்டு போடுற மாதிரித்தான்" என்றீர்கள் பிறகு. நான் கண் விழித்தபோது என் விரல்களில் சூடு வந்திருந்தது. மனைவி காப்பைத் திருப்பிக் கட்டினாள்.

அதன்பிறகு நான் உங்களுக்கு மீன் கொண்டுவரும்போதெல்லாம், பையை வாங்க முன்னர் என் இரண்டு கையையும் பார்ப்பீர்கள். "முரல் இல்லையா? அதத் திண்டுதானே பழி வாங்கணும்" என்பீர்கள்.

நீங்கள் நோயில் கிடந்தபோது கற்பிட்டிக்கு வந்தோம். "ரெண்டு கையையும் காட்டுங்க டொக்டர்" என்று நான்தான் பகிடி விட்டேன். நீங்கள் நீட்டினீர்கள். என் மனைவி பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை நீங்கள்தான் தேற்றினீர்கள்.

"ரெண்டும் குளிர்ந்துதானே ஈக்கிது? அப்ப இது தைக்கிற வேல இல்ல தங்கச்சி. அல்லாஹ்ட வேல."

நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று காப்புக்குக் கீழே விரலை வைத்தேன். துடிக்கிறது டொக்டர். நீங்கள் தைத்த இடத்தைத் தாண்டித்தான் அந்த இரத்தம் விரலுக்கு வருகிறது. இந்த வருடத் தீமிதி நேர்த்திக்கடன் உங்கள் பேரில். கோபிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.