ஞாயிற்றுக்கிழமைச் சூளை

13.5.2007, ஞாயிறு

புயல்மழையைப் பார்த்துச் சொல்லும் தன்னார்வலர்களுக்கு மூன்று வாரமாக நான் படித்துப் படித்துச் சொன்னது இதுதான்: மேற்கே கறுத்தால், அங்கிருக்கும் பீங்கான் சூளைகளின் புகையா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.

சாயங்காலம் அவர்களில் ஒருவர், பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் ஸ்டெல்லா கூப்பிட்டார். "சார், மேக்கால கன்னங்கரேல்னு வருது. காத்து சுத்துது."

"சூளப் புகையா இருக்கும். நல்லா பாருங்க."

"ஞாயித்துக்கெழம எந்தச் சூள சார் எரியுது?"

அப்போதும் மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் தாலுகா ஆபீசுக்குச் சொன்னேன். பத்து நிமிடம் போய்விட்டது. அதற்குள் சந்தைக் கொட்டகைத் தகரம் பறந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

மழை விட்டதும் ஸ்டெல்லாவே கூப்பிட்டு, "வூட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா சார்?" என்றார்.

பதிவேட்டில் அவர் கூப்பிட்ட நேரத்தை எழுதிவிட்டேன். நான் தகவல் சொன்ன நேரத்துக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.