சாட்சிக்குப் பதில் அக்கா

மார்ச் 3, திங்கள்
காந்த சிகிச்சை, ஐந்தாம் நாள். மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வை இப்போது தலையில் தட்டிப் பார்க்கிறார்கள். காதை அடைத்தாலும் தகரத்தில் ஆணி இறங்கும் சத்தம். இயந்திரக்காரி தினமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கிறாள்: தூங்கினீங்களா, மாத்திரை ஏதாவது மாறிச்சா, குடிச்சீங்களா?

பதில் சொல்வது அக்கா. "நல்லா தூங்கினா. ஒண்ணும் மாறல. குடியா? எங்க குடும்பத்துலயா!"

நீதிமன்றத்தில் இருபது வருடம் சாட்சிகள் சொன்னதைத் தட்டச்சு செய்தவள் நான். சாட்சிக்குப் பதில் சாட்சியின் அக்கா பேசி ஒருநாளும் பார்த்ததில்லை.

மார்ச் 6
இரண்டு பேரையும் பிடிக்கவில்லை. இயந்திரக்காரி பேனா மூடியைக் கடிக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்
மூன்று வருடமாகப் போடும் தூக்க மாத்திரைகளை அக்கா கழிப்பறையில் கொட்டிவிட்டாள். "அதுக்கு அடிமையாயிட்டடி. மனசு வச்சா விட்டுடலாம்."

மனசு வைக்க முடிந்தால் அந்த சிகிச்சை நாற்காலியில் எனக்கென்ன வேலை?

மார்ச் 13
இரண்டு இரவாகத் தூக்கமில்லை. அக்கா இன்றும் "ஒண்ணும் மாறல" என்றாள். சிகிச்சைக்கு முன் நான் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது: தூக்கம் கெட்டால், மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், காந்தம் தட்டும்போது வலிப்பு வரலாம். வந்தால் வரட்டும்.

மார்ச் 14, வெள்ளி
இயந்திரக்காரி என் விரல்களைப் பார்த்தாள். நடுங்கின.

"நல்லா தூங்—" என்று தொடங்கினாள் அக்கா.

"நீங்க இருங்கம்மா. அவங்க சொல்லட்டும்."

"அவ வாயே திறக்க மாட்டா. அதுக்குத்தானே நான் வர்றேன்!"

பேசாமல் இருந்தால் போதும். ஆயுள் முழுக்க அக்கா அழுவாள். அதைக்கூட நினைத்துப் பார்த்தேன் — கொஞ்சம் இனித்தது.

"மூணு நாளா தூங்கல. மாத்திரைய நிறுத்தியாச்சு" என்றேன்.

இயந்திரக்காரி இயந்திரத்தை அணைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் அக்கா, "எல்லார் முன்னாடியும் என்னைக் கொலைகாரி ஆக்கிட்டியேடி" என்றாள்.

"ஆகப் பார்த்தது நீதான்."

ஏன் சொன்னேன்? பயம். அவ்வளவுதான். எனக்குப் பயம் வந்து எத்தனை மாதம் ஆகிறது?

மார்ச் 24, திங்கள்
மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்று. இனி டாக்டர்தான் மெல்ல மெல்லக் குறைப்பார். எவ்வளவு வேகத்தில் தட்டினால் கட்டைவிரல் துடிக்கிறது என்று முதலிலிருந்து அளந்து, அதன்படி வேகத்தை வைத்த பிறகே இன்று தட்டினார்கள். அதே ஆணிச் சத்தம், அதே எரிச்சல். அக்கா வெளியே பெஞ்சில், என்னோடு இன்னும் பேசவில்லை.

"தூங்கினீங்களா?"

"ஆறே கால் மணி நேரம்."

"ஆறுன்னு போட்டுக்கவா?"

"ஆறே கால். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க."

போட்டிருந்த ஆறை அடித்துத் திருத்தினாள்.