வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர்

ஜனவரி 8, 2025, புதன்

குழுக் கூட்டம் முடிந்து பாறசாலை ஸ்டேஷனில் இறங்கும்போது தலை வெடித்தது. ஒன்பது பேர் கூடி, அடுத்த பத்து வருஷம் திடப் புவி அறிவியலில் — காற்றும் கடலும் போக மீதியிருக்கும் பூமியில் — எதை ஆராய்வது என்று முடிவு செய்யப் போகிறோமாம். வந்திருப்பது இருபத்து மூன்று தலைப்பு. பட்டியலில் ஏறப்போவது ஐந்து. ஏறாததைப் பத்து வருஷத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

என் தலைப்பு: நம் தெற்குக் கடற்கரையில் நிலம் இறங்குகிறதா? தலைவர் சதானந்தன் சாருடையது: அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எப்படி நகர்கிறது? என் வரைபடத்தை அரை நிமிஷம் பார்த்தார். "கடலரிப்பு எஞ்சினியர்மாருக்க வேலை. நாம உள்ள பார்க்கணும், லேகா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய பாறை நகர்ந்தால் என்ன, நகராவிட்டால் என்ன? பொழியூரில் வருஷா வருஷம் கடல் வீடுகளைக் கொண்டுபோகிறது.

ஜனவரி 9

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தூ.

மார்ச் 12, புதன்

இன்று என் முறை. பொழியூரில் டெனிலின் வீட்டுக்குப் பின்னால் மூன்று வருஷம் முன்பு நான் நட்ட கான்கிரீட் தூணைப் பற்றிச் சொன்னேன். அதன் தலையில் ஜி.பி.எஸ். கருவி. தூண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாள் தவறாமல் அளக்கிறது. டெனில் மீன்பிடிக்கிறவன், தூணைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். கருவி சொல்வது: வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர் இறக்கம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சதானந்தன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "ஜூன், ஜூலையில மட்டும் சாடி இறங்குதே. மற்ற மாசம் அனக்கமே இல்லை. அது ஏன்?"

மழைத் தண்ணீரின் பாரம் என்றேன்.

"அப்படின்னா மழை விட்டதும் திரும்ப ஏறணுமே?"

"அது மணல், சார். ஸ்பிரிங் இல்லை."

சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து. அவர் முகம் போன போக்கை இன்னும் நாலு நாளைக்கு நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் சிவதாணுவிடம் சொன்னேன். தனுவச்சபுரத்தில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து இவருக்கு எல்லோரும் மாணவர்கள்தான். "அவரு கேட்டது நியாயமான கேள்வியாக்கும்" என்கிறார். கட்டின புருஷன்! இரண்டு நாள் பேசவில்லை என்றால்தான் புத்தி வரும்.

மார்ச் 14

புத்தி வரவில்லை. நானே பேசினேன்.

ஜூன் 14, சனி

மாதம் ஒரு தரம் கருவியைப் பார்க்கப் போகிற சிஜுவுக்குக் காய்ச்சல். நானே போனேன். அவன் எப்போதும் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவான். நான் செய்யவில்லை.

நல்ல மழை. கடல் டெனில் வீட்டு அடுக்களைப் பக்கம் வரை வந்து திரும்புகிறது. தூணில் மூன்று கயிறு. மூன்றின் முனையிலும் வள்ளம். ஒவ்வொரு அலைக்கும் கயிறு விறைத்து இழுக்கிறது.

டெனில் ஓடி வந்தான். "எக்கா, இந்த மழையத்து வாறியளா? ஒரு வார்த்த விளிச்சு சொல்லியிருந்தா அவுத்து வச்சிருப்போம்லா."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

"நட்ட வருசம் தொட்டே. தென்னையெல்லாம் கடலு கொண்டு போச்சுல்லா, பின்ன எங்க கெட்டுதது? இந்தக் கரையில அனங்காம நிக்குதது உங்க தூணு ஒண்ணுதான். கீறல் விழப்புடாதுன்னு சாக்கு சுத்தித்தான் கெட்டுவோம். சிஜு வரும்போ அவுத்து, துடச்சும் வைப்போம்."

ரொம்ப மரியாதையாகச் சொன்னான். அவன் அம்மா கட்டன்சாயா தந்தாள். குடித்தேன். போட்டோ எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நிலம் இறங்கவில்லை. வள்ளம் இழுத்து என் தூண் சாய்கிறது, அதன் தலை தாழ்கிறது. கடல் பொங்கும் ஜூனிலும் ஜூலையிலும் மட்டும்.

ஜூன் 15

நிலம் இறங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தெரியாது, அவ்வளவுதான். தெரியாது என்பதே ஆராய்வதற்குப் போதுமான காரணம் இல்லையா? அதைச் சொல்லியே கேட்கலாமே. வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. சொல்லித்தான் ஆக வேண்டும்.

யாரிடம்? அந்த ஆளிடமா? "நான் அன்னைக்கே கேட்டேனே" என்று கண்ணாடியைத் துடைப்பாரே, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 20, வெள்ளி

முதலிடம்! என் தலைப்பு. தூணின் போட்டோவோடு என் ரிப்போர்ட் அரசுக்குப் போகிறது. அவருடைய பாறை ஆறாவது இடம், பட்டியலுக்கு வெளியே. கை கொடுத்தார். கை குளிர்ந்திருந்தது.

பாறசாலையில் இறங்கி நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி, வீடு வரும் வழியெல்லாம் தின்றேன். ருசியாக இருந்தது. அதுதான் கேவலம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டெனில் போன்.

"எக்கா, கடல்சுவரு கிடையாதாம். நிலமே தாழுது, இனி கல்லு போட்டு என்ன பிரயோசனம், வேற எடம் பாத்துப் போங்கன்னு ஆப்பீசரு சொல்லுதாரு. உங்க ரிப்போட்டக் காட்டுனாரு. அதுல நம்ம தூணுக்க போட்டோ உண்டு."

அவனே மறுபடியும் கேட்டான்:

"நிலம் தாழுதுன்னு எங்ககிட்ட ஏன்க்கா சொல்லேல?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன செய்து வைத்திருக்கேன் நான். ஐயோ, என்ன செய்து வைத்திருக்கேன். பதினெட்டு வருஷமாக அந்தச் சுவருக்கு மனு கொடுக்கிறவர்கள் அவர்கள்.

ஆகஸ்ட் 6

குழுவில் எல்லோருக்கும் எழுதினேன், போட்டோவோடு. தேதியையும் எழுதினேன்: ஜூன் 14, ஓட்டெடுப்புக்கு ஆறு நாள் முன்பு.

ஒரு மணி நேரத்தில் சதானந்தனின் பதில். "நன்றி. தலைப்பு நீக்கப்பட்டது." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனுஷன்.

நிலம் இறங்குகிறதா என்பது சரியான கேள்விதான். இனிப் பத்து வருஷம் அதை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க விடாமல் செய்தவள் நான்தான், அவர் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தவறு என்னுடையது என்று அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வாங்கி மேஜை மேல் வைத்தார். சுவர் விஷயம் மழைக்காலம் கழிந்து, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமாம்.

ஆகஸ்ட் 9, சனி

பொழியூர். டெனிலும் இன்னும் நாலு பேரும் கரையில் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, ஓட்டு, ரிப்போர்ட்.

"மழையத்து வந்தியளே" என்றான் டெனில். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன?"

ஒருத்தரை ஜெயிக்க வேண்டியிருந்தது என்றேன். டெனில் கடலைப் பார்த்தான். ஒரு வள்ளம் திரும்பி வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவனும் எழுந்து கைலியை மடித்துக் கட்டினான்.

"மேடம், கொஞ்சம் மாறி நில்லுங்க. வள்ளம் ஏத்தணும்."

மாறி நின்றேன்.